ஹரி என்றால் ஊசி

கொழும்புக்குப் போகிற பஸ்ஸை நட்டநடு வழியில் நிறுத்திய ஆளைப் பார்த்திருக்கிறீர்களா? வாந்தி எடுக்க அல்ல. கோயிலில் தேங்காய் உடைக்க அல்ல. இறங்கிப் போகவும் அல்ல… சும்மா, 'மனசுக்குச் சரியாப் படல' என்பதற்காக?

நான் பார்த்தேன். போன வாரம். எனக்கு முன்சீட்டில்தான் இருந்தார். என் தங்கை ராணியின் கணவர்.

பெயர் யோகராஜ். ஜப்பானில் ஒரு கார் எஞ்சின் பெக்டரியில் வேலை. லீவு முடிந்து அன்றைக்குத்தான் திரும்பிப் போகிறார். ப்ளைட் தவறினால் வேலைக்குச் சேரும் நாள் தவறும். அது தவறினால் இப்போதுதான் புதுப்பித்த ஒப்பந்தம் என்னாகும் என்று யாருக்கும் தெரியாது. இப்படிப்பட்ட மனிதர், தான் போகிற பஸ்ஸைத் தானே நிறுத்துகிறார் என்றால்… எனக்கு வந்த கோபத்தை எழுதினால் பத்திரிகை ஆசிரியர் வெட்டிவிடுவார்.

பொறுங்கள். முதலில் அந்த லீவைச் சொல்லிவிடுகிறேன்.

டிக்கோயாவில் அவர்களுக்கு இன்னும் லயத்து வீடுதான், தோட்டத்துக்காரர்களுக்கு வரிசையாகக் கட்டிவிட்ட ஒற்றை அறைகளில் ஒன்று. லயத்துக்கு மேலே ஒரு துண்டு நிலத்தில் அவருடைய ஜப்பான் சம்பளத்தில் புது வீடு எழும்பிக்கொண்டிருக்கிறது. சுவர் இருக்கிறது, கூரை இல்லை. தூண்களில் கம்பிகள் வானத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டு நிற்கின்றன. ஹட்டனிலிருந்து நான் போகும்போதெல்லாம் ராணி என்னை அங்கே கூட்டிப்போய், இது ஹோல், இது குசினி, இது உங்க அறை அக்கா என்று காட்டுவாள். மழை பெய்தால் மூன்று அறைகளிலும் ஒரே மாதிரி நனைவோம்.

லீவில் வந்த மனிதர் ஓர் இடத்தில் உட்கார வேண்டுமா, இல்லையா? உட்காரவில்லை. வந்த மறுநாளே குசினியில் புகுந்தார். உப்பு ஏன் இந்த மூலையில், அடுப்பு ஏன் அந்த மூலையில் என்று கேட்டார். சுவரில் ஒரு பலகை அடித்து, கரண்டி தொங்குகிற இடத்தில் கரண்டியின் உருவத்தையே பென்சிலால் வரைந்து வைத்தார். தோசைக் கரண்டிக்குத் தனி உருவம். கரண்டி இல்லாவிட்டால் அதன் நிழல் நம்மை முறைக்கிறது.

அது மட்டுமா? கேஸ் அடுப்பை மூடியதும் விரலை நீட்டி, "யோஷி!" என்பார். கதவைப் பூட்டி, "யோஷி!" மகளின் பள்ளிக்கூடப் பையைப் பார்த்து, "யோஷி!" பார்த்துவிட்டேன், சரியாக இருக்கிறது என்று அர்த்தமாம். கண்ணால் பார்த்தால் போதாதாம். கையும் காட்ட வேண்டும், வாயும் சொல்ல வேண்டும், அப்போதுதான் மனம் வேறெங்கும் ஓடாதாம்.

"அக்கா, இந்த ஆள் வீட்டுக்கு வந்திருக்காரா, இன்ஸ்பெக்ஷனுக்கு வந்திருக்காரா?" என்றாள் ராணி.

ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கேட்டேன். "அப்படி என்னதான் தம்பி பண்றீங்க அங்க?"

கேட்டிருக்கக் கூடாது. சோறு ஆறிப்போனது. ஆனால் ஒன்று… நன்றாகச் சொன்னார்.

"அலுமினியத்த உருக்கி அச்சில ஊத்துறாங்க அக்கா. நம்ம இட்லி மாதிரிதான். தெறந்தா எஞ்சினோட உடம்பு வெளிய வரும்."

"வந்ததும்?"

"வந்ததும் மெஷினுக்குள்ள போயிரும். கண்ணாடிப் பெட்டி மாதிரி வரிசையா மெஷின். ஒண்ணு தொளை போடும், ஒண்ணு குடையும், ஒண்ணு மினுக்கும். தூக்கிக் குடுக்குறது, வாங்குறது எல்லாம் ரோபோ கை."

"மனுஷங்களே இல்லையா?"

"இருக்காங்க. உள்ளார இருக்கிற கத்தி மழுங்குதான்னு பாக்க."

அப்புறம் அதைக் கொதிநீரில் கழுவுவார்களாம். காற்று அடித்து, எங்கேயாவது கசிகிறதா என்று பார்ப்பார்களாம். டயர் கடையில் பஞ்சர் பார்க்கிற மாதிரி. அளந்து பார்க்கத் தனி அறை. அந்த அறையில் எப்போதும் ஒரே சூடு, ஒரே குளிர். அலுமினியம் கொஞ்சம் சூடானாலும் கொஞ்சம் வீங்கிவிடுமாம், அளவு பொய் சொல்லுமாம். நுவரெலியாக் குளிரில் ஒரு அளவும் கொழும்பு வெயிலில் ஒரு அளவும் காட்டுகிற எஞ்சினை யார் வாங்குவார்கள்?

தேயிலை பெக்டரிக்குள் போனால் முதலில் மூக்குக்குத்தான் வேலை. வாசலிலேயே வாசம் வந்து பிடித்துக்கொள்ளும். ஜப்பான் பெக்டரியில் வாசமே கிடையாதாம். எஞ்சினைப் பூட்டுகிற பகுதிக்குள் நுழையுமுன் காற்றால் ஊதித் தூசியைப் பறக்கவிடுவார்கள். தலைக்குத் தொப்பி. மோதிரம் கூடாது, கடிகாரம் கூடாது. இவர் கையில் கட்டியிருந்த கோயில் கயிற்றையும் அவிழ்க்கச் சொல்லிவிட்டார்கள். ஒரு நூலிழை உள்ளே விழுந்தாலும் எண்ணெய் ஓடுகிற வழியை அடைத்துவிடும் என்று.

"அவுத்தீங்களா?" என்றாள் ராணி. அந்தக் கயிற்றை நல்லதண்ணிக் கோயிலுக்குப் போயிருந்தபோது கட்டிவிட்டவள் அவள்தான்.

"அவுத்து பர்ஸ்ல வச்சிருக்கேன்" என்றார்.

பிறகு பூட்டுகிற லைன். எஞ்சின் தானாக நகர்ந்து வரும். ஆள் நிற்பார், வேலை அவரிடம் வரும். எந்தச் சாமானை எடுக்க வேண்டுமோ அந்தத் தட்டில் லைட் எரியும். வேறு தட்டில் கை வைத்தால் சத்தம் போடும். நட்டு முடுக்குகிற துப்பாக்கி, போதிய அளவு இறுக்கினால் பச்சை காட்டும். காட்டாவிட்டால் எஞ்சின் அந்த இடத்தை விட்டு நகராது. ஒவ்வொரு எஞ்சினுக்கும் உடம்பில் ஒரு நம்பர் வெட்டியிருக்கும். யார் முடுக்கியது, எவ்வளவு முடுக்கியது எல்லாம் அந்த நம்பருக்குத் தெரியும். கடைசியில் ஒரு சொட்டுப் பெட்ரோல் இல்லாமல், கரண்டால் எஞ்சினைச் சுற்றவிட்டு அதன் சத்தத்தைக் கம்ப்யூட்டர் கேட்கும். முனகுதா, தட்டுதா, மூச்சு வாங்குதா என்று. சிலவற்றை மட்டும்தான் பெட்ரோல் ஊற்றி உண்மையாகவே ஓட்டிப் பார்ப்பார்களாம்.

"அப்ப நீங்க நெனைக்கிறதுக்கே ஒண்ணுமில்லையே தம்பி?"

"எடுக்குறதுக்கு நெனைக்க வேணாம் அக்கா. சரியில்லன்னு சொல்றதுக்குத்தான் நெனைக்கணும்."

இதற்காகத்தான் தலைக்கு மேலே, லைன் நெடுகிலும் ஒரு கயிறு ஓடுகிறதாம். யார் வேண்டுமானாலும் இழுக்கலாம். நேற்று வந்தவரும் இழுக்கலாம். இழுத்தால் ஒரு பாட்டு ஒலிக்கும், போர்டில் லைட் எரியும், லீடர் ஓடி வருவார். உடனே சரிசெய்ய முடியாவிட்டால் லைன் முழுக்க நின்றுவிடும். கையிலிருந்த கயிற்றை அவிழ்த்தவர்கள் தலைக்கு மேலே இன்னொன்றைக் காட்டியிருக்கிறார்கள்!

"என்ன பிழைன்னு தெரிஞ்சாத்தான் இழுக்கணுமா?"

"தெரியணும்னு இல்ல. மனசுக்குச் சரியாப் படலன்னா போதும். என்ன பிழைன்னு பாக்குறது லீடரோட வேல."

நம்பினேன் என்று நினைக்கிறீர்களா? நான் மலையகத்துக்காரி. எங்கள் தோட்டங்களில் 'வேலை நிப்பாட்டிட்டாங்க' என்றால் ஒருத்தருடைய பிழைப்பு போய்விட்டது என்று அர்த்தம். பெரட்டுக் களத்தில், காலையில் வேலை பிரித்துக் கொடுக்கிற அந்த இடத்தில், ஊருக்கு முன்னால் சொல்லி அனுப்பிவிடுவார்கள். அங்கே என்னடாவென்றால், வேலையை நிப்பாட்டுவதே வேலையில் ஒரு பங்கு!

யோகராஜும் முதலில் நம்பவில்லை. நம்ப வைத்தது ஓர் ஊசி.

போன புதிதில் அவருக்குக் கொடுத்த வேலை இது. எஞ்சினின் மேல்மூடியைப் பூட்டுவதற்கு முன்னால் குழிகளுக்குள் லைட் அடித்து, உள்ளே ஒன்றும் விழுந்து கிடக்கவில்லை என்று பார்த்து, விரலை நீட்டி, "யோஷி!" என்று சொல்ல வேண்டும். அன்றைக்கு உடம்பு அசதி. விரலை நீட்டினார். வாய் ஊர்ப்பழக்கத்தில் சொல்லிவிட்டது.

"ஹரி!"

நமக்கு இதெல்லாம் சிங்கள வார்த்தை என்ற நினைப்பே கிடையாதே. சரி என்பதற்கும் ஹரி, போதும் என்பதற்கும் ஹரி, போனை வைக்கும்போதும் ஹரி ஹரி. ஜப்பான்காரருக்கு? ஜப்பான் மொழியில் ஹரி என்றால் ஊசி!

பக்கத்தில் நின்ற லீடர் திடுக்கிட்டுத் திரும்பினார். "ஹரி?" என்று கேட்டார்.

நம்ம ஆள் தலையை நன்றாக ஆட்டி, "ஹரி! ஹரி!" என்றார்.

லீடர் கயிற்றை இழுத்தார். பாட்டு ஒலித்தது. லைன் நின்றது. டோர்ச் லைட், காந்தம், வளைகிற கேமரா என்று ஒரு படையே வந்து எஞ்சின் குழிக்குள் தலையை விட்டது. யோகராஜும் டோர்ச்சை எடுத்துக்கொண்டு ஓடிப்போய்த் தேடினார். எதைத் தேடுகிறோம் என்று அவருக்குத் தெரியாது. எல்லோரும் தேடும்போது சும்மா நிற்கலாமா?

கடைசியில் லீடர் ஒரு அட்டையில் ஊசி ஒன்றை வரைந்து, எங்கே பார்த்தாய் என்று சைகையில் கேட்டிருக்கிறார். அப்போதுதான் இவருக்கு விளங்கியது.

"அவ்வளவுதான் அக்கா. முடிஞ்சுது, ஊருக்கு அனுப்பப் போறாங்கன்னுதான் நெனச்சேன்."

"அனுப்பலையே… என்ன சொன்னாங்க?"

"சத்தமாச் சொன்னதுக்கு நன்றின்னாரு."

மறுநாள் காலை, வேலைக்கு முன்னால் கூடுகிற கூட்டத்தில் — அதற்கும் பெரட்டு என்றுதான் இவர் பெயர் வைத்திருக்கிறார் — ஊசிக் கதையை எல்லோருக்கும் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். அன்றிலிருந்து அவர் நிற்கிற இடத்துத் தூணில் ஒரு ஊசிப் படம், அதன் மேல் சிவப்புக் கோடு. இந்த லைனில் யாரும் ஹரி என்று சொல்லக் கூடாது! ஜப்பானில் ஒரு பெக்டரி தனக்கென்று ஒரு புது விதி போட்டிருக்கிறது என்றால், அதற்குக் காரணம் டிக்கோயா. பெருமைப்படுவதா, வேண்டாமா?

சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறியது. ராணி தண்ணீர் கொடுத்தாள். அவள் சிரிக்கவில்லை.

பாத்திரம் கழுவும்போது மெதுவாகச் சொன்னாள். "மறுபடியும் போறது எனக்குப் புடிக்கலக்கா. மக போன்லயே பேசிப் பழகிட்டா, நேர்ல அப்பாகிட்ட பேச வெக்கப்படுறா."

"அவர்கிட்ட சொன்னியா?"

"இல்ல."

"ஏன்டி?"

தட்டைத் துடைத்து, அதற்கென்று வரைந்து வைத்த உருவத்தில் சரியாகப் பொருத்தினாள்.

அந்தப் பக்கம் யோகராஜும் அமைதியாக இல்லை. கரண்டில் ஓடுகிற கார்கள் வந்துகொண்டிருக்கின்றன, எஞ்சின் லைனில் பாதியை எப்போது மாற்றுவார்களோ தெரியாது, இருக்கும்போதே சம்பாதித்துக்கொள்ள வேண்டும் என்று அவருக்கு ஒரு பதற்றம். ஹட்டனில் ஒரு கராஜ் போடலாமே என்று நான் சொன்னால், "அடுத்த முறை வாறப்ப பாப்போம் அக்கா" என்பார். அடுத்த முறை, அடுத்த முறை… இப்படிச் சொல்லிச் சொல்லியே எத்தனை குடும்பங்களின் காலம் ஓடுகிறது!

சரி, பஸ்ஸுக்கு வருவோம்.

பேசி வைத்த வேன் அன்று காலை வரவில்லை. வேன்காரருக்குக் கூடுதல் வாடகையில் ஒரு கல்யாண ஹயர் கிடைத்துவிட்டது. மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, பெரிய பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடி, ஹட்டனில் கொழும்பு பஸ்ஸைப் பிடித்தோம். அவர்கள் இருவரும் முன்சீட்டில், நான் பின்சீட்டில். பஸ்ஸுக்குள் பாட்டு என்றால் பாட்டு, ஜன்னல் கண்ணாடி அதிர்கிற பாட்டு.

கினிகத்தேன தாண்டி இறக்கம் தொடங்கியது. வளைவுக்கு மேல் வளைவு. யோகராஜ் நெளிந்தார். தலையை ஜன்னலில் சாய்த்தார். சீட்டுக் கம்பியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

"அக்கா, ஒரு சத்தம் கேக்குதா?"

"பாட்டுச் சத்தம்தான் கேக்குது. பேசாம இருங்க தம்பி."

இருக்கவில்லை. எழுந்து போய்க் கண்டக்டரிடம் ஏதோ சொன்னார். கண்டக்டர் மிச்சக் காசை எண்ணியபடியே, "ஹரி ஹரி, வாடி வென்ன" என்றார். சரி சரி, உட்காருங்கள் என்று.

அந்த வார்த்தையைக் கேட்டதும் இவருக்கு என்ன வந்ததோ! கையை உயர்த்தி மணிக் கயிற்றை இழுத்தார். ஒரு மணி… பஸ் வேகம் குறைந்தது. கண்டக்டர் இரண்டு மணி அடித்தார், பஸ் போனது. இவர் ஒன்று அடித்தார். அவர் இரண்டு. இவர் ஒன்று. டிரைவர் எந்த மணியைக் கேட்பார் பாவம்? ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கி வந்து, இரண்டு பேரையும் சிங்களத்தில் ஒரே மாதிரி திட்டினார்.

பஸ்ஸும் சேர்ந்துகொண்டது. ஆஸ்பத்திரியில் கிளினிக் இருக்கிறது என்றார் ஒருவர். பாஸ்போர்ட் ஆபீசுக்குப் போக வேண்டும் என்றது ஒரு குரல். எல்லோரையும் விடச் சத்தமாகக் கத்தியது யார் தெரியுமா?

"தம்பி! ப்ளைட்!"

நான்தான்.

"என்ன பிழை? சொல்லு!" என்று கேட்டார் டிரைவர்.

"தெரியாது. பின்பக்கச் சத்தம் மனசுக்குச் சரியாப் படல. உள்சில்லு டயரயும் ஒருக்கா பாருங்க" என்றார் யோகராஜ், தெரிந்த சிங்களத்தில். ப்ளைட்டைப் பற்றிய பயம் அவருக்கு மட்டும் இல்லையா என்ன? கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேதான் நின்றார்.

டிரைவர் சுற்றி வந்தார். டயரை உதைத்தார். "ஒக்கொம ஹரி" என்றார். எல்லாம் சரியாம். யோகராஜ் வழிவிடவில்லை. சனியன் தொலையட்டும் என்கிற முகத்துடன் டிரைவர் குனிந்து, போன் லைட்டை உள்ளே அடித்தார்.

வெகுநேரம் எழும்பவில்லை.

எழும்பியபோது கையில் ஒரு டயர் நட்டு. சாவி போட்டுக் கழற்றியதல்ல. விரலால் திருகிய உடனே வந்துவிட்டது. பக்கத்தில் இரண்டு நட்டுகள் இருந்த இடம் வெறுமையாக இருந்ததாம். அவர் நட்டைப் பார்த்தார், கீழே இறங்கிப் போகிற பாதையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். உள்ளே ஏறிப் பாட்டை நிறுத்தினார். பஸ் இனிப் போகாது என்றார்.

உண்மையைச் சொல்கிறேன், அந்த வளைவின் ஓரத்தில் பள்ளத்தை எட்டிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

எல்லோரும் வந்து யோகராஜின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள் என்று எழுத எனக்கும் ஆசைதான். நடந்தது வேறு. டிக்கெட் காசைத் திருப்பிக் கொடு என்று கண்டக்டரைச் சுற்றி நின்றார்கள். 'அந்தாளாலதான் லேட்டு' என்று ஒருவர் போனில் சொல்லிக்கொண்டிருந்தார். விழுந்த பஸ்ஸை வீடியோ எடுக்க நூறு கைகள் வரும். விழாத பஸ்ஸை யார் எடுப்பார்கள்? நடக்காத விபத்துக்குச் சாட்சி கிடையாது. டிரைவர் மட்டும் தன் தண்ணீர்ப் போத்தலை யோகராஜிடம் நீட்டினார்.

நான் ரோட்டில் நின்று போகிற வண்டிகளுக்கெல்லாம் கை காட்டிக்கொண்டிருந்தேன். என் தங்கையோ, பெட்டியின் மேல் சாவகாசமாக உட்கார்ந்து, பிளாஸ்க்கைத் திறந்து கணவருக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"குடிங்க. ஆறிப் போயிரும்."

"ராணி, உனக்கு மூளை இருக்கா? ப்ளைட்டுக்கு நேரமாச்சுடி!"

"வாறப்ப வரட்டும்கா" என்றாள். அந்த மாதம் முழுக்க நான் பார்க்காத ஒரு தெளிவு அவள் முகத்தில். அவளும் அவரும் ஒரே கோப்பையில் மாறி மாறிக் குடித்தார்கள்.

அடுத்த பஸ் வந்தது. மூச்சு விட இடமில்லை. பெட்டியைத் தலைக்கு மேலே கைமாற்றி, நசுங்கி, அவிசாவளையில் இறங்கி, ஒரு வேன்காரரிடம் கெஞ்சி, வழியெல்லாம் நான் இல்லாத பிரேக்கைக் காலால் மிதித்துக்கொண்டே… கட்டுநாயக்கா ஏர்போர்ட் போய்ச் சேர்ந்தபோது கவுண்டர் மூடப்போகிற நேரம். பிடித்துவிட்டோம்!

நன்றாக விடைபெறவும் நேரமில்லை. வாசலில் நின்று அவசர அவசரமாக விரல் நீட்டினார். பாஸ்போர்ட், யோஷி. டிக்கெட், யோஷி. போன், யோஷி. பிறகு விரல் ராணி பக்கம் திரும்பியது. யோஷி மட்டும் வரவில்லை. விரலை மடக்கிக்கொண்டு உள்ளே ஓடினார்.

எனக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. திரும்பி வருகிற பஸ்ஸில் ராணி ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். கித்துல்கல வந்துவிட்டது. என்னால் சும்மா இருக்க முடியுமா?

"போக வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடி. ஏதோ ஒரு பஸ்ஸுக்காக நின்ன மனுஷன், உனக்காக நிக்க மாட்டாரா?"

அவள் திரும்பாமலே சொன்னாள்.

"நின்னுருப்பாருக்கா… அதான் சொல்லல."